பாரேயிடம் கையெழுத்துக் கேட்காதவள்

எங்கள் தீவின் பாலோ கடற்கரையில் வெண்கலச் சிலையாய்த் தளபதி தன் ஆட்களோடு முழங்கால் தண்ணீரில் நிற்கிறாரே, அந்த நினைவிடத்தின் வேலியோரத்தில்தான் என் அம்மா தியோதுலா கள் விற்றாள். மரப்பட்டை போட்டுச் சிவந்த தென்னங்கள். ருசி பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவனை அவன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவாள். லேசில் யாரையும் நம்பமாட்டாள். நம்பியது ஒரே ஒருவரைத்தான்.

அவர் சிசினியோ, ஞானஸ்நானத்தில் என்னைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன். அதனால் அம்மாவுக்கு அவர் ‘பாரே’, அவருக்கு அம்மா ‘மாரே’. கூடப் பிறந்தவர்களைக்கூடச் சந்தேகப்படலாம், பாரேயைக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம்.

உலகப் போரின்போது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கில், தளபதியின் படைகள் கரையேறிய சில நாட்களில், வளைகுடாவுக்கு அப்பால் போர்க்கப்பல்கள் மோதிக்கொண்டன. தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கிவர அப்பா மக்காரியோவும் சிசினியோவும் ஒரே படகில் போனார்கள். காயம்பட்ட மூன்று மாலுமிகளோடு சிசினியோ மட்டும் திரும்பினார்.

“படகு முங்கப் பாத்துச்சு மாரே. ‘நீ இவங்களக் கொண்டு போ, நான் நீந்தி வர்றேன்’னு குதிச்சுட்டான்” என்று அம்மா முன்னால் விழுந்து அழுதார். அப்பா வரவேயில்லை. அதன்பிறகு ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு.

படைகள் கரையேறியதன் நாற்பதாம் ஆண்டு விழாவில், அன்று மாலுமிகளை மீட்கப் போனவர்களின் பெயர்களை வாசிப்பதாக அறிவித்தார்கள். கல்லறைகூட இல்லாத கணவனின் பெயரை ஒரு தடவை ஒலிபெருக்கியில் கேட்டுவிட வேண்டும், அம்மாவின் ஆசை அவ்வளவுதான். விழா எழுத்தர், “ஒங்க வீட்டுக்காரரும் போனாருன்னு கூடப் போனவருகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கம்மா” என்றான்.

“எங்க பாரேகிட்டயா? கையெழுத்துக் கேட்டா அவர நம்பலன்னு ஆயிடும். போய்யா, வேற வேலையப் பாரு.”

விஷயம் கேட்டு சிசினியோ சிரித்தார். “மொதப் பேரே அவன் பேருதான் மாரே. கவலய விடுங்க.”

விழாவன்று அம்மா கோயில் உடுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். சிசினியோ ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நான் தனியாத்தான் போனேன். படகு தாங்கல, தண்ணியில குதிச்சு, தள்ளிக்கிட்டே நீந்தி வந்தேன். கூட வர்றேன்னு சொன்ன மக்காரியோ பயந்து சமார் தீவுப் பக்கம் ஓடிட்டான். பாவம், அவனக் குத்தம் சொல்லக் கூடாது.”

கூட்டம் கைதட்டியது. பட்டியலில் அப்பா பெயர் இல்லை. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அம்மா அழவில்லை, மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுத்தில் மாலையோடு மேடையிலிருந்து இறங்கி வந்த சிசினியோ எங்கள் முன்னால் நின்று, வழக்கம்போல் எனக்குக் கையை நீட்டினார். ஞானத்தகப்பன் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டுதான் நாங்கள் ஆசி வாங்குவோம். பழக்கதோஷம், குனிந்துவிட்டேன். அம்மா என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள்.

“நிமிருடி! ஒனக்கு அப்பா ஒருத்தருதான். அவரு தண்ணிக்குள்ள இருக்காரு.”

மேயர் கூப்பிடுவதாக யாரோ சொன்னார்கள். எனக்கு நீட்டிய அதே கையால் மேயருக்குக் கைகொடுக்கப் போய்விட்டார் சிசினியோ.