ஓட்டை மூடி

என் மனைவிக்குப் பொறாமை என்று வெளியே சொன்னால் வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடைக்காது. ஆனாலும் சொல்கிறேன். அவளுக்குத் தன் கூடப்பிறந்த தங்கச்சி மேல் பொறாமை. கொஞ்சநஞ்சமில்லை, அசல் வயிற்றெரிச்சல்.

மூன்று பேருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. துணி வெளுக்கவும் சாயம் போடவும் வேண்டிய ரசாயனங்களை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும் இடம். நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அவள் ரசாயன ஸ்டோருக்குப் பொறுப்பு. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தச் சாவி அவளிடம்தான். ஆசிட் டிரம்மின் மூடியைத் தொட்டுப் பார்த்தே இறுகியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். மூடி கொஞ்சம் லூசாக இருந்தால் டிரம்மை இறக்கிய என் தலையும் சேர்ந்து உருளும். இத்தனை வருஷத்தில் அவள் ஸ்டோரில் ஒரு சொட்டு சிந்தியதில்லை. அதை யாராலும் இல்லையென்று சொல்ல முடியாது.

அப்படிப்பட்டவளுக்கு மேலே பாதுகாப்பு அதிகாரியாக வந்து உட்கார்ந்தாள் என் மச்சினி. நாங்கள் படிக்கவைத்த பெண்தான். முதல் நாள் வெள்ளை ஹெல்மெட்டோடு அவள் வாசலுக்கு வந்தபோது வாட்ச்மேன் எழுந்து சல்யூட் வைத்தான். என் மனைவிக்கு அவன் ஒரு நாளும் வைத்ததில்லை. அன்று சாயங்காலம் இவள் பாத்திரத்தைப் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

மச்சினி சும்மா இருக்கவில்லை. ஆசிட்டையும் காரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று நடுவே சுவர் எழுப்பச் சொன்னாள். டிரம்களுக்கு அடியில் சிந்தினால் பிடிக்கிற தொட்டி, கண் கழுவ ஒரு குழாய், ஒவ்வொரு டிரம்மிலும் அபாயக் குறி. எல்லாம் சரியான வேலை. நானே சொல்வேன், வீட்டுக்கு வெளியே. எவனைப் பார்த்தாலும் மேடம் வந்த பிறகு ஸ்டோர் எப்படி மாறிவிட்டது என்று ஒரே பாட்டு. அப்ப இத்தனை வருஷமா நான் என்ன மாடு மேய்ச்சுக்கிட்டிருந்தேனா என்று இவள் என் மேல் பாய்வாள். நடுவில் நான் என்ன பாவம் செய்தேன்?

போதாததற்கு மேனேஜர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் ஸ்டோர் சாவி பாதுகாப்பு அதிகாரியிடம் போய்விடும், விதி அப்படி என்றார். அக்காவிடமே இருக்கட்டும் என்று தங்கச்சி சொல்லிப் பார்த்தாளாம். அதைக் கேட்டதும் இவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "இவ யாருங்க எனக்கு விட்டுக்குடுக்க?"

அந்தச் சமயத்தில்தான் பெராக்சைடு என்று துணி வெளுக்கிற ஒரு புதுச் சரக்கு நாலு நீல டிரம்களில் வந்து இறங்கியது. அதன் மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை இருக்கும். சரக்கு உள்ளுக்குள்ளேயே வாயுவை விட்டுக்கொண்டிருக்குமாம். அது வெளியேற வழியில்லையென்றால் டிரம் வீங்கி வெடிக்கும். இதை மச்சினி எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். என் மனைவி மட்டும் போகவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்தது தனக்குப் பாடம் நடத்துவதா என்று வீம்பு. வீட்டில் நான் பேச்சை எடுத்தேன். உங்க மேடம் புராணத்தை நிறுத்துங்க என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் என் மனைவி அந்த நாலு நீல டிரம்களின் தலையில் ஈரம் கசிந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். துடைத்துப் பார்த்தால் மூடியில் ஓட்டை. ஓட்டை மூடியோடு டிரம்மை உள்ளே விட்டிருக்கிறாள் தங்கச்சி, இவளெல்லாம் ஒரு அதிகாரியா என்று நினைத்திருக்கிறாள். காலி ஆசிட் டிரம்களிலிருந்து நல்ல மூடிகளாகக் கழற்றிக் கழுவி, நாலையும் தன் கையாலேயே இறுக்கிவிட்டாள். அன்று வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தாள். நாளைக்கு அவ மூஞ்சி போற போக்கைப் பாருங்க என்றாள். மூடி மாற்றியதை இன்ஸ்பெக்டர் முன்னால் போட்டு உடைப்பதுதான் திட்டம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டரோடு ஸ்டோர் வாசலுக்கு வந்த மச்சினி உள்ளே பார்த்ததும் அப்படியே நின்றாள். நாலு டிரம்மும் வயிறு உப்பி நின்றன. கழுவியும் மூடிகளில் ஒட்டியிருந்த அழுக்கு, டிரம்முக்குள் இருந்த சரக்கைக் கிளப்பிவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள், குரலைக்கூட உயர்த்தவில்லை. நான் வண்டியை அணைத்துவிட்டு ஓடினேன். என் மனைவி மட்டும் எதிர்த்திசையில் உள்ளே ஓடினாள், மூடியைத் திறந்துவிடப் போகிறாளாம். மச்சினி பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்து, தரையில் தள்ளி, மேலே விழுந்து அமுக்கிக்கொண்டாள். ஒரு டிரம் வெடித்துக் கூரையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போனது. மற்ற மூன்றையும் தீயணைப்பு ஆட்கள் தூரத்தில் நின்றே தண்ணீர் அடித்து அடக்கினார்கள். யாருக்கும் கீறல்கூட இல்லை.

மூடியை மாற்றியது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மச்சினி முந்திக்கொண்டாள்.

"பாடத்துக்கு வராத ஆள்கிட்ட சாவிய விட்டு வச்சது நான் சார். அக்காவாச்சேன்னு பாத்தேன். பொறுப்பு என்னுது."

என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. முழங்கையில் மண்ணோடு நடுவில் போய் நின்றாள்.

"மாத்தினது நான் சார். என் கையால இறுக்கினேன். அவளுக்கு என்ன தெரியும் என் ஸ்டோரப் பத்தி?"

இன்ஸ்பெக்டர் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுக்கொண்டார். ஆனால் விதிப்படி பதில் சொல்ல வேண்டியது அதிகாரிதானாம். மச்சினியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அக்காவப் பாத்துக்குங்க மாமா என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். இவளுக்கு ஒரு எச்சரிக்கையோடு சரி. ஸ்டோர் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லாததால் சாவியும் இவளிடமே தங்கிவிட்டது.

நினைத்தது நடந்துவிட்டது, சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"தப்பு என்னுதுங்க. அதையும் அவளே எடுத்துக்கிட்டா. இப்பவும் எல்லாரும் அவளத்தான் நல்லவங்குறாங்க. எனக்குன்னு ஒண்ணையும் விட்டு வைக்க மாட்டாளா?"

தங்கச்சிக்கு வேலை போன துக்கமும் அந்த அழுகையில் இருந்தது. ஆனால் பாதிக்கு மேல் பொறாமைதான். அவளை எனக்குத் தெரியாதா?

காலையில் நேராக மேனேஜர் அறைக்குப் போய் அவர் மேஜை மேல் சாவியை வைத்தாள். நானும் பின்னாலேயே போனேன். நீங்களே வைத்திருங்கள் என்று அவர் எவ்வளவோ சொன்னார்.

"அவ பிச்ச போட்ட சாவி எனக்கு வேணாம் சார். அவளக் கூப்பிடுங்க. வந்து பாடம் நடத்தட்டும், முன்னாடி உக்காந்து கேக்குறேன். அவ கேட்ட கேள்விக்கெல்லாம் நான் ஒழுங்கா பதில் சொன்னா, அப்ப சாவிய அவ கையால குடுக்கட்டும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். மச்சினியைக் கூப்பிடுங்கள் என்று நான் அவர் மேஜை மேலிருந்த போனைக் காட்டினேன்.