ஆறாம் நம்பர் அறையும் பதினெட்டாவது வளைவும்

“சனி, பகல் 1.40. சிவகாசிக் குடும்பம். பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர். ஆறாம் நம்பர் கேட்டார்கள். கொடுக்கவில்லை. காரணம்: பதினெட்டாவது வளைவு.”

போடிமெட்டில் நான் வேலை பார்த்த விடுதியின் ரிசப்ஷன் மேசையில் எனக்கென்று வைத்திருந்த நோட்டில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது. அதற்கு அடுத்த வரி வாசிக்க முடியாதபடி கரைந்துவிட்டது. கரைந்த விதத்தைச் சொன்னால், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் பிள்ளைகளோடு பயணம் போகிறவர்களுக்கும் பயன்படலாம்.

எங்கள் விடுதியில் ஒன்பது அறைகள். ஆறாம் நம்பர் கீழ்த்தளத்தில் இருந்தது. இரண்டு பெரிய கட்டில்கள், எந்நேரமும் வெந்நீர், பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல். மதியம் வரை அதற்கு புக்கிங் வராவிட்டால், சாதாரண அறை எடுத்த ஒரு குடும்பத்துக்கு அதே வாடகையில் அப்கிரேடு செய்து கொடுக்கலாம். ஏலத்தோட்டக்காரரான முதலாளி எனக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தார். “சும்மா பூட்டிக் கெடக்குறதுக்கு ஏதாவது ஒரு பிள்ளை குதிச்சு வெளையாடட்டும்மா. யாருக்குன்னு நீயே பாத்துக்க. ஆனா நான் கேட்டா காரணம் சொல்லணும்” என்றார்.

காரணத்துக்குத்தான் கஷ்டம். முதலில் பிறந்தநாள் என்றவர்களுக்குக் கொடுத்தேன். ஒரே பையன் மே மாதம் ஐந்து வயது முடித்து, டிசம்பரில் மறுபடியும் ஐந்து வயது முடித்ததை என் நோட்டு காட்டிக்கொடுத்தது. திருமண நாள்களும் அவ்வளவு யோக்கியமாக இல்லை. அதனால் நானே ஒரு விதி வகுத்தேன். போடியிலிருந்து ஏறும்போது பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட போர்டு. மலைப்பாதை பழகாத பிள்ளை ஏதாவது ஒரு வளைவில் வாந்தி எடுக்கும். அந்தப் பிள்ளைக்கு வெந்நீரும் கீழ்த்தளமும் வேண்டும். வாந்தியில் யாரும் பொய் சொல்லப்போவதில்லை என்று நம்பினேன்.

பிள்ளையின் வயது, வளைவின் எண், காலையில் சாப்பிட்டது என்று மூன்று பத்தி போட்டு எழுதிவந்தேன். பரோட்டா தின்ற பிள்ளைகள் ஒன்பதைத் தாண்டவில்லை. இட்லிக்காரர்கள் பதின்மூன்று வரை தாக்குப்பிடித்தார்கள். இந்த ஆராய்ச்சியை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பிறகு ஒரு புண்ணியவான் இணையத்தில் விமர்சனம் எழுதினார். அறை சுமார், சாப்பாடு நன்று, பிள்ளைக்குப் பதினொன்றாவது வளைவில் வாந்தி என்று ரிசப்ஷன் மேடத்திடம் சொன்னால் பெரிய அறை கிடைக்கும் என்று. அதிலிருந்து தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் பதினொன்றிலேயே வாந்தி எடுத்தார்கள். கோன் ஐஸை நக்கிக்கொண்டே வந்து நின்றவர்களும் உண்டு. ராசிங்காபுரத்திலிருந்து என்னைத் தினமும் ஏற்றிவரும் ஜீப்பு டிரைவர் பாண்டியிடம் விசாரித்தேன். “நான் ஒரு நாளைக்கு நாலு நடை போறேன்க்கா. நீங்க சொல்ற கணக்குக்கு அங்க வண்டி வழுக்கணும். ஒத்தக் குரங்கு உக்காந்து மாங்கா திங்குது, அம்புட்டுத்தான்” என்றான்.

அந்தச் சனிக்கிழமை நான் பொய் சொல்லும் ஆளைப் பிடிக்கும் உத்தேசத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். சிவகாசிக்காரர் வந்தார். தோளில் நாலு வயதுப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மனைவி, எட்டு வயது மகள் தர்ஷினி. மாடி அறைதான் புக் செய்திருந்தார்கள்.

“மேடம், பையனுக்குப் பதினொண்ணாவது வளைவுல…” என்று ஆரம்பித்தார்.

“பொய் சொல்லாதீங்கப்பா. அவன் பதினெட்டுலதான் எடுத்தான்” என்றாள் மகள்.

தகப்பனுக்குக் காது சிவந்தது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. “பாப்பா, இந்த ரோட்டுல வளைவே பதினேழுதான்” என்றேன்.

“பதினெட்டு. நான் எண்ணுனேன்.” ஒரு தாளை நீட்டினாள். ஐந்தைந்தாகக் கட்டிய பென்சில் கோடுகள், மூன்று கட்டும் உதிரியாக மூன்றும். அம்மா அவள் கையைக் கிள்ளினாள். மாடி அறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, அவர்கள் எதிரிலேயே நோட்டில் எழுதினேன். தர்ஷினிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நான் பொய் சொல்லல ஆன்ட்டி.”

“உங்கப்பா சொன்னாருல்ல” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

அடுத்த வரியை எழுதக் குனிந்தேன். தோளில் இருந்த பையன் கண் விழித்தான். என்னைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், நோட்டின் மேலேயே வாந்தி எடுத்தான். மூன்றாவது பத்திக்காக எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எலுமிச்சைச் சாதம்.

தர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இங்க வளைவே இல்லையேடா” என்றாள்.

ஆறாம் நம்பர் சாவியை எடுத்துக் கொடுத்தேன். பதினொன்று என்றால்தான் தருவீர்கள் என்று நெட்டில் போட்டிருந்தது மேடம் என்று தகப்பன் மன்னிப்புக் கேட்டார். உண்மையைச் சொல்லியிருந்தாலே தந்திருப்பேனே என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். உண்மையை ஒருத்தி சொன்னாள். நான் தரவில்லை.

அறை கிடைத்ததில் அவளுக்குச் சமாதானம் இல்லை. இரண்டு நாளும் மேசைக்கு வந்து, “அத அடிச்சுட்டீங்களா?” என்று கேட்டாள். எண்ணிப் பார்க்காமல் அடிக்க மாட்டேன் என்றேன். திங்கட்கிழமை செக்-அவுட் செய்து இறங்கும்போது, “அப்ப நீங்களும் வாங்க” என்றாள். என் ஷிப்டும் முடிந்திருந்தது. அவர்கள் காரில் போனேன்.

அடிவாரத்தில் நான் பதினேழு என்றேன். அவள் பதினெட்டு என்றாள். யாரும் கேட்காமலே தகப்பன் பதினாறு என்றார். பையன் நூறு என்றான். பதினேழாம் போர்டுக்கு மேலே, செக்போஸ்டுக்கு முன்னால் போர்டில்லாத ஒரு திருப்பம் இருக்கிறது. சண்டை அதில்தான். மறுநாள் பாண்டியைக் கேட்டேன். “ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சாத்தான் வண்டி திரும்பும்க்கா. போர்டு இல்லேன்னா வளைவு இல்லேன்னு ஆயிருமா?” என்றான்.

பிள்ளைகளோடு பயணம் போகிறவர்களுக்கு: ஆன்லைனில் புக் செய்தாலும், முதல்நாள் காலையில் விடுதிக்கே போன் செய்யுங்கள். வார நாளென்றால் இன்னும் நல்லது. பிள்ளைகளின் வயதை உள்ளபடி சொல்லுங்கள். அப்கிரேடு என்று கேட்காமல், கீழ்த்தளமா, வெந்நீரா, இரண்டு கட்டிலா, எது வேண்டுமோ அதைக் கேளுங்கள். ரிசப்ஷனில் உட்காருகிறவர்களுக்கு: அப்பாவின் பொய்யைப் பிள்ளையின் கணக்கில் எழுதாதீர்கள். நான் எழுதினேன். ‘காரணம்’ என்ற இடத்தை அந்தக் காரிலேயே, அவள் பார்க்க, அடித்தேன்.

அந்தத் திருப்பத்தில் இறங்கி நடந்து பார்க்க வேண்டும் என்று பல நாள் நினைத்தும் போகவில்லை. இப்போதைக்கு என் நோட்டில் உள்ளது இதுதான்: போர்டுகள் பதினேழு, நானே எண்ணியது. வளைவுகள் பதினெட்டு, தகவல் தர்ஷினி, வயது எட்டு. இரண்டாவது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.