சீமந்தம் முடியட்டும்

சூலூரில் ராமாமணியின் அப்பா விசைத்தறி வைத்திருந்தார். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்தவள் அவள். சாதாரணமாகப் பேசினாலும் சண்டைக்கு வருவதுபோல இருக்கும். சிங்காநல்லூரில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருந்த சென்னகிருஷ்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது மாமியார் ரங்கநாயகி சொன்ன முதல் புத்தி இதுதான்: "கொஞ்சம் மெதுவாப் பேசு கண்ணு. நாலு பேரு வந்து போற ஊடு." ராமாமணி மூன்று வருஷம் மெதுவாகப் பேசினாள். கண்ட பலன் என்ன?

தொண்ணூற்றாறில் உண்டானாள். ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீ வெளிய உக்காரும்மா. உங்க வீட்டுக்காரரையும் மாமியாரையும் உள்ள வரச் சொல்லு" என்றார். வயிறு அவளுடையது, சேதி மட்டும் மற்றவர்களுக்கு! இந்த விஷயத்தில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமெல்லாம் நம் பக்கத்தில் கிடையாது.

உள்ளே சொன்னது இது. குழந்தைக்கு மண்டையோடு மூடவில்லை, மூளை வளரவில்லை, பிறந்தாலும் தங்காது. கலைப்பதென்றால் இருபது வாரத்துக்குள் கலைக்க வேண்டும், அதற்கு மேல் சட்டம் விடாது. வீட்டில் பேசி முடிவெடுத்து அடுத்த வாரமே அவளைக் கூட்டி வாருங்கள்.

வெளியே வந்த சென்னகிருஷ்ணன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான். ரங்கநாயகிதான் வாய் திறந்தாள்.

"எல்லாம் நல்லா இருக்குதாமா கண்ணு."

வீட்டில் பேசத்தான் செய்தார்கள், அவளை விட்டுவிட்டு. காரணம் இருந்தது. நாத்தனார் சுகுணாவை மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிக்காரர் வீட்டில் பெண் கேட்டிருந்தார்கள். பூ வைப்பதுதான் பாக்கி. "தலையில்லாத புள்ளை உண்டான ஊடுன்னு தெரிஞ்சா பொண்ணு எடுப்பாங்களாடா? சீமந்தம் முடியட்டும். அவுங்களும் வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் சாமி விட்ட வழி" என்றாள் ரங்கநாயகி. பட்டறை ஆட்களை அதட்டி அதட்டியே வேலை வாங்குகிறவனுக்கு அம்மாவின் முன்னால் வாய் வரவில்லை. பூம்பூம் மாடுபோலத் தலையாட்டினான்.

ஏழாம் மாதம் மண்டபம் பிடித்துச் சீமந்தம் செய்தார்கள். கை நிறைய வளையல், பட்டுச்சேலை, பந்தி பந்தியாகச் சாப்பாடு. மேட்டுப்பாளையத்துக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வயிறு மாதத்துக்கு மீறிப் பெருத்திருந்தது. இந்தக் குறை இருந்தால் கருப்பையில் நீர் கூடுதலாகச் சேரும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? "ரெட்டைப் புள்ளையாட்ட இருக்குதுங்கோ" என்று வந்தவர்கள் கேலி செய்தார்கள். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். கன்னத்தில் சந்தனம் பூசிய ரங்கநாயகியும் சிரித்தாளே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

முறைப்படி ராமாமணியைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே போனதும் படுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. அம்மா பயந்துபோய் அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள்.

"இன்னும் வெச்சிட்டா இருக்கீங்க? அன்னிக்கே உங்க வீட்டுக்காரர்கிட்ட எல்லாம் சொன்னேனேம்மா!"

"என்னத்தைங்க சொன்னீங்க?" என்றாள் ராமாமணி.

அப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது. கெடு தாண்டி வெகுநாள் ஆகிவிட்டது, இனிச் சுமந்து பெறுவதைத் தவிர வழியில்லை. முதலிலேயே தெரிந்திருந்தால் கலைத்திருப்பாளா, சுமந்திருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது. அந்த யோசனையைக்கூட அவளுக்கு மிச்சம் வைக்காமல் இரண்டு பேரும் சேர்ந்து தின்றுவிட்டார்கள். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

எட்டாம் மாதமே வலி கண்டது. பெண் குழந்தை. கொஞ்ச நேரம் உயிர் இருந்தது. துணியில் சுற்றி வெளியே கொண்டுபோகப் பார்த்தார்கள். "எம் புள்ளையை எங்கிட்டக் காட்டாம ஒருத்தரும் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது!" என்று ராமாமணி போட்ட சத்தத்தில் ஆயா நடுங்கிப்போய்த் திரும்பி வந்தாள். ராமாமணி பார்த்தாள். மூச்சு அடங்கும்வரை மடியில் வைத்திருந்தாள்.

ரங்கநாயகி ஊருக்குச் சொன்ன கதை வேறு. கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டதாம்.

உடம்பு தேறி ராமாமணி சிங்காநல்லூர் திரும்பியதும், மேட்டுப்பாளையத்திலிருந்து சுகுணாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் அம்மா துக்கம் கேட்க வந்தார். ரங்கநாயகி கொடி சுற்றிய கதையை ஆரம்பித்தாள். காப்பி கொண்டுவந்த சுகுணாவைப் பார்த்ததும் ராமாமணிக்குப் பொறுக்கவில்லை.

"கொடியெல்லாம் சுத்தலீங்க. புள்ளைக்கு மண்டையோடே இல்லீங்க. அஞ்சாம் மாசமே இவுங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்லலை. சுகுணா, நல்லாக் கேட்டுக்க. இது குடும்பத்துல மறுபடி வந்தாலும் வருமாம். உண்டாவறதுக்கு முன்னாலயே போலிக் ஆசிட் மாத்திரை சாப்பிடோணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நீயும் போய்க் கேளு."

"வாயை மூடு அம்மணி!" என்றாள் ரங்கநாயகி. சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தாள். சென்னகிருஷ்ணன் எழுந்து நின்றான். நின்றதோடு சரி.

வந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கும் மூத்தது இப்படித்தான் கண்ணு. எங்கூட்டுல அதை யாரும் பேசக் கூடாது. எங்கிட்டக் காட்டவே இல்லை, கொண்டுபோய்ப் பொதைச்சுப்போட்டாங்க. நீ பாத்தியா? மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"புருவத்துக்கு மேல ஒண்ணும் இல்லீங்க. அதுக்குக் கீழ மூக்கு, வாயி, மோவாயி எல்லாம் அம்சமா இருந்துச்சுங்க."

அந்த அம்மாள் உடைந்து அழுதார். தான் பெற்றதன் முகத்தை அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு இத்தனை வருஷம் ஆகியிருந்தது. ரங்கநாயகி என்ன செய்வதென்று தெரியாமல், "காப்பி ஆறிப்போவுதுங்க, குடிங்க" என்றாள்.

பரிதாபம் வரவேண்டிய இடத்தில் ராமாமணிக்குக் கோபம் தலைக்கேறியது. மாமியார் பக்கம் திரும்பினாள்.

"இவுங்களுக்குப் பயந்துட்டுங்களா அத்தை, எனக்குச் சொல்லாம வளையல் போட்டுவிட்டீங்க?"