வாப்பா பறித்த எஞ்சின்கள்

தந்தவனே திரும்ப எடுத்துக்கொண்டான். அதில் எங்களுக்கு முறைப்பாடு இல்லை. வாப்பா மௌத்தாகி ஒரு வருடம் நிறைந்து, அவருக்காக ஓதும் கத்தத்துக்கு வந்திருக்கும் உங்களுக்காக, மகள் நான் இதை எழுதுகிறேன்.

தண்டவாளமே எட்டிப்பார்க்காத கல்முனையில் பிறந்து, ஆயுளில் பாதியை ரயிலுக்குக் கொடுத்தவர் வாப்பா. சிறு வயதில் தகப்பனை இழந்து, மாவடிப்பள்ளி வயல்களில் கூலிக்கு நின்று படித்தார். பிறகு கொழும்பில், எந்தச் சரக்கு ரயிலுக்கு எந்த எஞ்சின் என்று பங்கிடும் வேலை. ஒரு ரயில்வே பகுதிக்குப் போன எஞ்சினை அந்தப் பகுதிக்காரர் இலேசில் திருப்பி அனுப்பமாட்டார்கள். நாளைக்குத் தேவைப்படும் என்று பொத்திவைப்பார்கள். கேட்டால் பழுது என்பார்கள். வாப்பா தொலைபேசியில் சண்டை பிடித்து, அதைப் பறித்து கோதுமை மா ரயிலுக்கோ எண்ணெய் ரயிலுக்கோ பூட்டுவார்.

"நிக்கிற எஞ்சினால ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்பார்.

லீவில் ஊருக்கு வந்தாலும் இருப்புக்கொள்ளாது. சும்மா நிற்கும் உழவு மெஷினைக் கண்டால், கேட்காமலே அடுத்த வயலுக்கு அனுப்பிவிட்டுச் சொந்தக்காரரிடம் ஏச்சு வாங்குவார். அந்த அந்தரம், சும்மா இருக்க முடியாத அவசரம், எனக்கும் ஒட்டியிருக்கிறது.

விடியற்காலை, சுபஹுத் தொழுகைக்குப் பின் வாப்பா கண்மூடினார். என் மூத்த சகோதரர், ரயில் சாரதியான காக்கா, அப்போது எண்ணெய் ரயிலை மட்டக்களப்புக்கு ஓட்டி வந்துகொண்டிருந்தார். மையத்தை, இறந்தவர் உடலை, வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, லுஹர் என்ற நண்பகல் தொழுகையோடு அடக்கிவிட வேண்டும் என்று வாப்பாவின் தம்பி, சாச்சா, பிடிவாதமாக நின்றார்.

"காக்கா வாப்பாட முகத்தப் பாக்க வேணாமா?" என்றேன்.

"எண்ணெய்க் கோச்சிய வழியில போட்டுட்டு வரச் சொல்றியா, புள்ள? உன்ட வாப்பா உட்டிருப்பாரா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. மாற்றுச் சாரதி ஒருவர் இருந்தார், ஆனால் அவர் அடுத்த பகுதிக்காரர் என்று காக்கா போனில் சொன்னார். எல்லை தாண்டி ஆளைக் கொடுக்கும் வழக்கமில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடி நானே அந்தப் பகுதி அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். வாப்பாவோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டிய சிங்கள அதிகாரிதான் பேசினார். செய்தியைச் சொல்லி, அந்தச் சாரதியைத் தரும்படி கேட்டேன்.

"தங்கச்சி, உங்க வாப்பா நம்மகிட்ட எவ்வளவு எஞ்சின் புடுங்கி எடுத்தது! இன்னைக்கு நான் சும்மா குடுக்கிறது," என்றார்.

நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஒரு தனி எஞ்சினில் அந்தச் சாரதியை ஏற்றி, எல்லை தாண்டி அனுப்பிவைத்தார். காக்கா ரயிலை அவர் கையில் ஒப்படைத்துவிட்டு வேனில் வந்து இறங்கியபோது பள்ளிவாசலில் எல்லோரும் மையத்துத் தொழுகைக்கு வரிசையில் நின்றுவிட்டார்கள். தொழுகையைச் சற்றுப் பொறுக்கச் சொல்லி, கபன் துணியை விலக்கி அவருக்கு முகம் காட்டியவர் அதே சாச்சாதான்.

சாச்சாவுக்கும், அந்த அதிகாரிக்கும், பெயர் கேட்கத் தவறிய அந்தச் சாரதிக்கும், எங்களுக்குச் சோறாக்கி அனுப்பிய அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. வாப்பாவின் கப்றுக் குழியை அல்லாஹ் விசாலமாக்குவானாக.

அடக்கிவிட்டு வந்த காக்காவிடம் உம்மா ஒன்றுதான் கேட்டார்.

"எண்ணெய்க் கோச்சி போய்ச் சேந்திட்டா, மனே?"

"ஓம் உம்மா. இப்பதான் போன் கோல் வந்திச்சு."

காலையிலிருந்து அழாத உம்மா அப்போதுதான் அழுதார்.