உள்ளங்கையில் இரண்டு காப்புகள்

நான்கு வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஜெர்மனியின் கிழக்குப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் இது நடந்தது. நாங்கள் இருப்பது பீலெஃபெல்டில். அங்கிருந்து இரண்டு தடவை ரயில் மாறி, நான்கு மணி ஐம்பது நிமிடம் போகவேண்டும். அன்று ஒரு ரயில் பதினொரு நிமிடம் பிந்தியதால் ஐந்து மணி ஒரு நிமிடம் ஆனது. நானும் மகளும் போனோம். மனைவிக்கு முழங்கால் வலி, அவள் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்துவிட்டு இங்கே வந்து, முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளை எண்ணிச் சரிபார்க்கும் வேலை செய்தவன் நான். எதையும் எண்ணாமல் எனக்கு இருக்க வராது. மகளை ஏழு வயதில் பியானோ பழக விட்டபோது, நேரம் பிசகாமல் வாசிக்க டிக் டிக் என்று அடிக்கும் கருவி ஒன்று வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். நான் இருக்கும்போது கருவி எதற்கு என்று நினைத்தேன். தினமும் மாலையில் தேநீர்க் கிளாசோடும் கரண்டியோடும் அவளுக்குப் பக்கத்தில் உட்காருவேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று சொல்லி, ஒவ்வொரு ஒண்டுக்கும் கிளாசில் ஒரு தட்டு. நாளுக்கு நாற்பத்தைந்து நிமிடம். பதினெட்டு வயதில் அவள் இசை படிக்க வெளியூர் போகும்வரை, பதினொரு வருடம் இப்படிப் போனது.

அந்தச் சிறு நகரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் இசையமைப்பாளரின் வீடு இருக்கிறது. அவர் உட்கார்ந்து இசை எழுதிய பியானோ இன்னும் அதே அறையில், அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வருடத்தில் ஒரே ஒரு நாள், வெளியிலிருந்து மூன்று பேரை அதில் வாசிக்க விடுவார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் அந்தக் கிழட்டு மரம் தாங்காதாம். பிராங்பேர்ட்டில் இசைப் பள்ளி ஒன்றில் படிப்பிக்கும் என் மகள், அதற்கு மூன்று வருடம் தொடர்ந்து விண்ணப்பித்தாள். மூன்றாவது தடவை கிடைத்தது. அந்த மனிதர் எழுதியதை, அவர் எழுதிய பியானோவிலேயே வாசிக்கப் போகிறாள். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதற்கு முதல் நாளே அவள் பீலெஃபெல்டுக்கு வந்துவிட்டாள். காலையில் புறப்படும்போது கறுப்பு உடுப்புடன் நின்றவளைப் பார்த்து மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"நல்ல காரியத்துக்குப் போற பிள்ளை, வெறுங்கையோடை போறதே?" என்று தன் இரண்டு தங்கக் காப்புகளையும் கழற்றி அவள் கையில் போட்டுவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இஞ்சருங்கோ, அந்தக் காது மிசினைப் போட்டுக்கொண்டு போங்கோ. பிள்ளை வாசிக்கிறது கேக்க வேண்டாமோ?"

"எனக்கு எல்லாம் கேக்குது" என்றேன்.

கேட்கும் கருவி அப்போது ஒன்பது மாதமாகப் பெட்டிக்குள் இருந்தது. மெல்லிய, கூர்மையான சத்தங்கள் மட்டும்தான் எனக்குக் குறைவு என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மெல்லிய சத்தங்களில் என்ன இருக்கிறது என்று நான் அதை எடுக்கவேயில்லை.

"அப்ப உங்கடை எண்ணுற பழக்கத்தையாவது வீட்டிலை வைச்சிட்டுப் போங்கோ" என்றாள் மனைவி. மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த அறையில் முப்பத்திரண்டு கதிரைகள். வாசிப்பவரின் தகப்பன் என்பதால் எனக்கு முன் வரிசை. பியானோவுக்கும் எனக்கும் இடையில் நாலு அடி இருக்கும். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார், மோதிரம், காப்பு எதுவும் பழைய மரத்தில் கீறக்கூடாது, கழற்றிவிடுங்கள் என்று மகளிடம் சொன்னார். அவள் காப்புகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். "பத்திரம் அப்பா" என்றாள். அவளுடைய விரல்கள் குளிர்ந்திருந்தன.

பியானோவின் சத்தம் நான் எதிர்பார்த்தது போல இல்லை. இப்போதைய பியானோக்கள் போல முழங்கவில்லை. பக்கத்து அறையில் யாரோ தணிந்த குரலில் கதைப்பது போல இருந்தது. அவள் மெதுவாகத் தொடங்கினாள். ஓர் இடத்தில் நின்றாள். பிறகு கொஞ்சம் ஓடினாள். மறுபடியும் நின்றாள். பதற்றத்தில் பிள்ளை தடுமாறுகிறாள் என்று நினைத்தேன்.

அந்தக் காலத்து இசையை அப்படித்தான் வாசிக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மூச்சு விடுவது போல நேரத்தை இழுத்தும் விட்டும் வாசிப்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது என்று அவள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். எண்ண முடியாதவர்கள் சொல்லும் சாட்டு என்றுதான் நான் அதை வைத்திருந்தேன்.

என்னை அறியாமல் என் கை எழும்பியது. நம்முடைய கச்சேரிகளில் தாளம் போடுவது பாடுபவருக்குத் துணை. அந்தப் பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. ஒண்டு, ரெண்டு, மூண்டு. ஒண்டு, ரெண்டு, மூண்டு. காப்புகள் இருந்த கையால் முழங்காலில் மெதுவாகத் தட்டினேன். தட்டியதில் எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் சரியாகிவிட்டாள். நிற்கவில்லை, ஓடவில்லை. என் கையும் அவள் கையும் ஒன்றாகப் போயின. எனக்குக் கண் கலங்கியது.

வலப்பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரர் என் முழங்கையை இரண்டு தடவை தொட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்து, என் மகள்தான் என்று அவர் காதுக்குள் சொன்னேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்பது நிமிடத்தில் முடித்தாள். கைதட்டினார்கள். அம்மையார் அவள் கையைப் பிடித்து, மிகவும் துல்லியமாக வாசித்தீர்கள் என்றார். அந்தச் சொல்லை நான் ரயில் ஏறும்வரை மனதுக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

ரயிலில் நான்தான் கதைத்தேன். "தொடக்கத்திலை நாலு இடத்திலை பிசகிப்போட்டாய் பிள்ளை. பிறகு பாத்தியே, ஒரு இடமும் பிழைக்கேல்லை. கணக்கா வந்திட்டுது."

"ஓம் அப்பா" என்றாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். களைப்பு என்று நினைத்தேன். ரயில் மாறும் நிலையத்தில் அவள் பிராங்பேர்ட் ரயிலுக்குப் போனாள். காப்புகளை நீட்டினேன். "அம்மாட்டையே குடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பதினாறு நாள் கழித்து, மகள் அன்று வாசித்ததின் ஒலிப்பதிவை அம்மையார் எங்களுக்கு அனுப்பியிருந்தார். மனைவி தொலைபேசியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் நெற்றியைச் சுருக்கினாள்.

"இதென்ன இடையிலை கிணிங் கிணிங் எண்டு கேக்குது?"

"என்ன கிணிங்? பழைய பியானோ, ஏதாவது கம்பி அதிரும்."

"கம்பி இல்லை. காப்புச் சத்தம் எனக்குத் தெரியாதே? நாப்பது வருசமாப் போட்டிருக்கிறன். அந்த மிசினைப் போட்டிட்டு நீங்களே கேளுங்கோ."

பெட்டியைத் திறந்து கருவியைக் காதில் போட்டேன். முதல் இரண்டு நிமிடம் வேறு யாரோ வாசிப்பது போல இருந்தது. ஓர் இடத்தில் அவள் நிற்கிறாள். அந்த அறை முழுவதும் அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. பிறகு அடுத்த சுரம் விழுகிறது. நான் பிசகு என்று சொன்ன நாலு இடங்களும் இப்படித்தான். அதற்குப் பிறகு முதல் கிணிங். அவளுடைய கை ஒரு கணம் திடுக்கிடுவது கேட்டது. இரண்டாவது கிணிங். மூன்றாவது. பத்தாவதுக்கு முன் அவள் அந்த எண்ணிக்கைக்குள் வந்துவிட்டாள். பதினொரு வருடம் கிளாசும் கரண்டியும் பழக்கிய கை, வேறென்ன செய்யும்? முடிவுவரை ஒவ்வொரு ஒண்டுக்கும் ஒரு கிணிங். எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு.

அன்று மாலையே பிராங்பேர்ட்டுக்கு அழைத்தேன்.

"பிள்ளை, அண்டைக்கு அந்தச் சத்தம்... அது நான்தான்" என்றேன்.

"தெரியும் அப்பா."

"ஏன் நிப்பாட்டச் சொல்லேல்லை? ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கலாமே?"

"திரும்பிப் பாத்தனான். நீங்கள் அழுதுகொண்டிருந்தீங்கள்."

"ரயிலிலையாவது சொல்லியிருக்கலாம்."

"ரயிலிலை நீங்கள் அவ்வளவு சந்தோசமா இருந்தீங்கள் அப்பா. எப்பிடிச் சொல்ல?" என்றாள். பிறகு அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

அந்த இசையமைப்பாளரின் வீட்டுக்கு நானே கடிதம் எழுதினேன். பிழை முழுவதும் என்னுடையது, மகளுக்கு இன்னொரு தடவை பத்து நிமிடம் கொடுக்க முடியுமா, நான் வரமாட்டேன் என்று எழுதினேன். மூன்று வரியில் பதில் வந்தது. பியானோவின் உட்பலகையில் வெடிப்பு விட்டிருக்கிறது, இனி அதில் யாரையும் வாசிக்க விடுவதில்லை, பார்க்க வரலாம். வருத்தம் என்றும் எழுதியிருந்தார்கள்.

மகள் இப்போதும் வருகிறாள். கேட்டால் வீட்டில் வாசிக்கிறாள். நான் கருவியைக் காதில் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்ந்துகொள்கிறேன். மனைவி அதைப் பார்த்துச் சிரிப்பாள். மகள் சிரிப்பதில்லை, வாசிக்கத் தொடங்குமுன் ஒரு தடவை என் கைகள் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த ஒன்பது நிமிடத்தில் முதல் இரண்டு மட்டும்தான் அவளுடையவை, மிச்சம் ஏழு நிமிடத்தையும் நான் எடுத்துக்கொண்டேன் என்பது, நான் எத்தனை தடவை எண்ணிப் பார்த்தாலும் மாறுவதாயில்லை.