ஏழாம் தொட்டிலில் ஒரு பழுப்புக் கோடு

நேசமலர் முதன்முதலில் ஸாலிஹ் முதலாளியின் கார்னிவல் வளவுக்குள் போனது அவித்த கடலை விற்கத்தான். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு. கணவன் மரியதாஸ் இறந்து எட்டு மாதமாகியிருந்தது. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒற்றை அறை, ஆறு வயது மகள் பிலோமினா, இடுப்பில் ஒரு கடலைக் கூடை. அப்போது அவளுக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

வளவில் இரண்டு இராட்டினங்கள் ஓடின. ஒன்று மரக்குதிரைகள் சுற்றுகிற சின்ன இராட்டினம். மற்றது பன்னிரண்டு தொட்டில்கள் தொங்க, மேலும் கீழுமாகச் சுழலும் பெரிய சில்லு. ஊர் ஊராகச் சுற்றிய வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று நொடித்துப்போய், கப்பல் ஏறும் அவசரத்தில் இரண்டையும் கொழும்பிலே விற்றுவிட்டுப் போயிருந்தது. புடைவைக் கடைக்காரரான ஸாலிஹ் அவற்றை வாங்கும்போதே அவற்றுக்கு முப்பது வயதுக்கு மேல். ஆண்டுக்கொரு தடவை பெயின்ற் பூசுவார்கள். மற்றப்படி மழை கழுவினால் உண்டு.

அன்று பின்னேரம் பெரிய சில்லில் ஏறிய ஒரு பிள்ளை இறங்குவதற்குள் தொட்டில் முழுக்கச் சத்தி எடுத்துவிட்டது. சில்லை ஓட்டுகிற பூபாலசிங்கம் ஒரு சிரட்டை மணலை அதன்மேல் வீசிவிட்டு, அடுத்த ஆட்களை ஏறச் சொன்னான். வரிசையில் நின்ற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப்போனார்கள். நேசமலருக்குப் பொறுக்கவில்லை. கடலைக் கூடையை இறக்கி வைத்தாள். தண்ணீர்ப் பைப்படியில் கிடந்த வாளியை எடுத்து, கடலையை மூடியிருந்த துணியையே கிழித்து, தொட்டிலை அடிவரை கழுவித் துடைத்தாள். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் ஒருவரையும் கேட்கவில்லை.

டிக்கற் கூட்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஸாலிஹ் வெளியே வந்தார்.

"எந்த ஊட்டுல வேலை செஞ்ச நீங்க?"

"துரைமார் வீட்டில ஆயாவா இருந்தனான் முதலாளி. அவை சீமைக்குப் போயிட்டினம்."

"நாளைக்குக் காலேல வாங்களேன். இந்த ரெண்டையும் ஒருக்காக் கழுவித் தாங்க. எப்பிடி ஈக்குதெண்டு பாப்பம்."

ஒரு நாளில் முடிகிற வேலையாக அது இருக்கவில்லை. மரக்குதிரைகளின் வாய்க்குள் பிள்ளைகள் பாதி தின்ற மிட்டாயைத் திணித்து, அது கறுத்து இறுகியிருந்தது. சாய்மானங்களில் முப்பது வருடத்துத் தலையெண்ணெய். தொட்டில்களின் அடியில் வெற்றிலை எச்சில் படைபடையாகக் காய்ந்து கிடந்தது. நேசமலர் சலவைச் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, தேங்காய்த் தும்பால் தேய்த்தாள். இடுக்குகளுக்கு ஈர்க்குக் குச்சி. ஐந்தாம் நாள் ஒரு குதிரையின் கழுத்தில் தங்க நிறப் பூவேலை தெரிந்தது. அங்கே அப்படியொன்று இருப்பது அதுவரை ஸாலிஹுக்கே தெரியாது. "மாஷா அல்லாஹ்!" என்று குதிரையைத் தடவிப் பார்த்தவர், அன்றே அவளை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தினார்.

அதன்பிறகு கடலைக் கூடை அடுப்படி மூலைக்குப் போயிற்று. பிலோமினா கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். காலை ஏழு மணிக்கு நேசமலர் வளவுக்கு வருவாள். பின்னேரம் நாலு மணிக்குக் கேற்றுத் திறப்பதற்குள் இரண்டு இராட்டினமும் காய்ந்திருக்க வேண்டும். கழுவும்போது கிடைப்பதையெல்லாம், ஒற்றைத் தோடு, செபமாலை, ஒருதரம் ஒரு கிழவரின் பொய்ப்பல்லுங்கூட, டிக்கற் கூட்டில் கொடுத்துவிடுவாள். சுத்தமான இராட்டினம் என்று பெயர் பரவியதும் கொம்பனித்தெருவிலிருந்துகூட ஆட்கள் குடும்பமாக வரத் தொடங்கினார்கள்.

மூன்று வருடம் இப்படிப் போனது.

முப்பத்தொன்பதாம் ஆண்டு ஜூன் மாதம். கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வருடத்தில் அந்த வளவு ஆட்களால் நிரம்பி வழிகிற நாள் அதுதான். ஒரு கிழமையாக விடாத மழை. அந்த ஈரத்தில், ஏழாம் இலக்கத் தொட்டிலைத் தாங்கும் இரும்புத் தண்டில், அது வளைந்து சில்லோடு சேருகிற இடத்தில், நேசமலர் ஒரு பழுப்புக் கோட்டைக் கண்டாள். தலைமயிர் அளவுதான் இருக்கும். துடைத்தாள், போய்விட்டது. மறுநாள் காலை அதே இடத்தில் அதே கோடு.

துரு அவளுக்குப் புதிதல்ல. மற்ற இடங்களில் துரு படையாகப் பூக்கும், தேய்த்தால் உதிரும். இது அப்படியில்லை. துடைத்து, உலரவிட்டு, விரலால் தடவினால் ஒன்றுமில்லை. சில்லை ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினால், தண்டுக்குள்ளிருந்து அழுவதுபோல மெல்லக் கசிந்து வரும்.

பூபாலசிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"மழைக்கு எந்த இரும்புதான் அழாது அக்கா?" என்று அவன் சிரித்தான். "திருநாளுக்குப் பெயின்ற் அடிக்கத்தானே போறம். அடிச்சாப் புதுசாப் போயிடும்."

"பெயின்ற் அடிச்சாத் தெரியாமப் போகும். இல்லாமப் போகுமா?"

"நீங்க தொட்டிலைக் கழுவுங்க. சில்லை நான் பாக்கிறன்."

அன்றே சிவப்புப் பெயின்ற் பூசினார்கள். மூன்றாம் நாள், திருநாளன்று காலை, நேசமலர் கோயிலுக்குப் போய் முதற் பூசை கண்டுவிட்டு நேரே வளவுக்கு வந்தாள். புதுப் பெயின்ற் மினுங்கியது. ஏழாம் தொட்டிலின் தண்டில், அந்தச் சிவப்பைப் பிளந்துகொண்டு பழுப்புக் கோடு நின்றது.

மரியதாஸின் முகம் கண்முன் வந்தது. துறைமுக வேலையில், துருப்பிடித்த நிலக்கரித் தொட்டியில் காலை வெட்டிக்கொண்டு வந்தவன் அவன். ஒரு கிழமையில் வாய் திறக்கக் கஷ்டப்பட்டான். "தாடை இறுகுது ஐயா, இது சும்மா காய்ச்சல் இல்ல," என்று டிஸ்பென்சரியில் அவள் மூன்று தரம் சொன்னாள். அங்கிருந்தவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு போத்தல் கலவை மருந்து கொடுத்து அனுப்பினார். அதிலிருந்து ஐந்தாம் நாள் மரியதாஸ் இல்லை.

ஸாலிஹ் கேற்றடியில் பந்தல்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றார். நேசமலர் போய் முன்னால் நின்றாள்.

"முதலாளி, இண்டைக்குப் பெரிய சில்லை ஓட்டாதீங்க."

பந்தல்காரர் சிரித்துவிட்டார். ஸாலிஹ் சிரிக்கவில்லை. அவளோடு நடந்துபோய்த் தண்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"எனக்கு ஒரு கோடுதான் வெளங்குது, நேசமலர். வேற ஒண்டும் வெளங்கல்ல."

"எனக்கும் வேற ஒண்டும் தெரியாது முதலாளி. மூண்டு வருசமா ஒவ்வொரு நாளும் இந்தத் தண்டைத் தொடுறன். இது முந்தி இப்பிடி இருக்கேல்ல. இதில ஆக்களை ஏத்தாதீங்க. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

பூபாலசிங்கம் குறுக்கே வந்தான். "முதலாளி, திருநாள்! வெளியில சனம் இப்பவே வந்து நிக்குது."

ஸாலிஹ் ஏழாம் தொட்டிலை ஒருதரம் பார்த்தார். அவளை ஒருதரம் பார்த்தார்.

"எஞ்சின் பெல்ட்டக் கழட்டு," என்றார் பூபாலசிங்கத்திடம். "சில்லு இண்டைக்கு ஓடாது."

அன்று மரக்குதிரைகள் மட்டும் ஓடின. பெரிய சில்லு நிற்பதைக் கண்ட சனம் கூச்சல் போட்டது. ஒருவன் டிக்கற் கூட்டின்மேல் ஒரு தென்னங் குரும்பட்டியை எறிந்தான். "மெஷின் பழுது, மன்னிச்சுக்கொள்ளுங்க," என்று ஸாலிஹ் கேற்றடியில் நின்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டேயிருந்தார். குதிரைகளுக்குப் பக்கத்தில் துணியோடு நின்ற நேசமலருக்கு ஒவ்வொரு கூச்சலும் தன்மேல் விழுவதுபோல் இருந்தது. ஒன்றுமில்லாத கோட்டுக்காக முதலாளியைக் கெடுத்துவிட்டேனோ? அந்தோனியாரே, நான் சொன்னது பிழையாய் இருக்கவேண்டும் என்று கேட்கவும் பயம், சரியாய் இருக்கவேண்டும் என்று கேட்கவும் பயம்.

தெமட்டகொடை ரெயில்வே வேலைத்தலத்தில் ஃபிற்றராக இருந்த சவுந்தரநாயகத்துக்கு ஸாலிஹ் ஆள் அனுப்பியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அளந்து பேசுகிறவர். வேலை முடித்து ஐந்தரை மணிக்கு, கையில் ஒரு மண்ணெண்ணெய்ப் போத்தலும் ஒரு பொட்டலமுமாக வந்தார்.

"ஆர் இதைக் கண்டது?"

ஸாலிஹ் நேசமலரைக் காட்டினார்.

"எந்த இடமெண்டு காட்டுங்கோ தங்கச்சி."

அவள் காட்டினாள். அவர் பெயின்றைச் சுரண்டி இரும்பை வெளியில் எடுத்தார். மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் தண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு, தள்ளிப்போய் ஒரு சுருட்டுப் புகைத்து முடித்தார். பிறகு துணியை அவிழ்த்து, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்தார். பொட்டலத்தில், கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டியின் தூள். அதைத் தண்டில் வெள்ளையாகப் பூசினார்.

"ரெயில் அச்சுகளை நாங்கள் இப்பிடித்தான் பாக்கிறனாங்கள்," என்றார். "வெடிப்பு இருந்தால் எண்ணெய் அதுக்குள்ள போய் இருக்கும். ஒளிச்சிருக்க ஏலாது. வெளியில வரும்."

நாலு பேரும் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் ஒரு புள்ளி நனைந்தது. பிறகு அது நீண்டது. கறுத்த நூல்போல ஓடி, தண்டை முக்கால்வாசி சுற்றிவந்து நின்றது.

சவுந்தரநாயகம் அந்தக் கோட்டின் நுனியில் விரலை வைத்தார். "மிச்சம் இருக்கிறது ஒரு விரலளவு இரும்பு. இண்டைக்கு நாலு பேரை ஏத்தியிருந்தால்..."

பன்னிரண்டு தண்டுகளையும் அப்படியே பார்த்தார்கள். மூன்றாம் தொட்டிலிலும் பத்தாம் தொட்டிலிலும் சின்ன வெடிப்புகள் இருந்தன. பூபாலசிங்கம் ஈர மண்ணிலேயே குந்திவிட்டான். "பெயின்ற் அடிச்சது நான்," என்று மட்டும் சொன்னான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எழுந்துவந்து, நேசமலரின் கையிலிருந்த வாளியை வாங்கி, தண்டுகளில் பூசிய வெண்கட்டியைத் தானே கழுவத் தொடங்கினான். "விடுங்க தம்பி," என்றாள் அவள். அவன் விடவில்லை.

அடுத்த ஞாயிறு ஸாலிஹும் அவர் மனைவி லுத்பியாவும் நேசமலரின் வீட்டுக்கு வந்தார்கள். லுத்பியா கையில் ஒரு தட்டம் இனிப்பு வட்டிலப்பம், பிலோமினாவுக்கு ஒரு சட்டைத் துணி. அந்த ஒற்றை அறையில் இரண்டு நாற்காலிதான். நேசமலர் நின்றாள்.

"எத்தன புள்ளகள்ட உம்மாமார்ட துஆ ஒங்களுக்கு ஈக்குதெண்டு தெரியுமா?" என்றார் லுத்பியா. "நாங்க நன்றி சொல்ல வந்த."

நேசமலருக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது.

"நீங்க எனக்குச் சொல்லக்கூடாது. நானெல்லோ சொல்லோணும்."

"நீங்க என்னத்துக்கு?" என்று ஸாலிஹ் கேட்டார்.

"நான் சொன்னதுக்கு நீங்க நிப்பாட்டினீங்களே, முதலாளி."

மரியதாஸின் தாடை இறுகிய கதையை அன்றுதான் அவள் முதன்முதலாக இன்னொருவருக்குச் சொன்னாள். டிஸ்பென்சரி வாசலில் போத்தலோடு நின்றதையும், திரும்பி உள்ளே போய் இன்னொரு தரம் சொல்லாமல் வந்ததையும் சொன்னாள். "சொல்லி என்ன, ஆர் கேக்கிறதெண்டு அண்டைக்கு வந்திட்டன். இண்டுவரைக்கும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்." லுத்பியா எழுந்து, அவளைத் தன் நாற்காலியில் இருத்திவிட்டுப் பக்கத்தில் நின்றார். ஸாலிஹ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "ரெண்டு மனசாத்தான் நிப்பாட்டின நான்," என்றார். "பின்னேரம் வரைக்கும் அல்லாட்டத்தான் கேட்டுக்கொண்டு ஈந்த. ஒங்கட மொகத்தப் பாத்தா ஓட்டச் சொல்ல வாய் வரல்ல. அவ்வளவுதான்."

பன்னிரண்டு தண்டுகளும் புதிதாக அடித்துப் பூட்ட ஆறு கிழமை ஆனது. அந்த ஆறு கிழமையும் நேசமலருக்குச் சம்பளம் நின்றதில்லை. சில்லு மறுபடி ஓடிய நாளில் ஸாலிஹ் வேலையாட்களைக் கூப்பிட்டு ஒரு கட்டளை சொன்னார். நேசமலர் சரியென்று சொல்லாமல் பெல்ட்டைப் பூட்டக்கூடாது. கழுவி முடியுமுன் பெயின்ற் தகரத்தைத் திறக்கவும் கூடாது. பூபாலசிங்கம் அதை ஒரு பலகையில் எழுதி, எஞ்சினுக்கு மேலே தானே ஆணி அடித்து மாட்டினான். சவுந்தரநாயகம் மூன்று மாதத்துக்கொரு தடவை வெண்கட்டிப் பொட்டலத்தோடு வருவார். வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "தங்கச்சி, எதெது அழுதது?" அவள் காட்டுகிற இடத்திலிருந்துதான் வேலையைத் தொடங்குவார்.

யுத்தம் துறைமுகம்வரை வந்தது. நாற்பத்திரண்டாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று ஜப்பான்காரன் குண்டு போட்டபின், பாதிக் கொட்டாஞ்சேனை வெளியூர் போயிற்று. வளவை மூடினார்கள். இராட்டினங்களைக் கழற்றிய பத்து நாளும் நேசமலர் ஒவ்வொரு துண்டையும் துடைத்து, கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி இலக்கம் எழுதினாள். யுத்தம் முடிந்து சாக்கை அவிழ்த்தபோது ஒரு துண்டிலும் துரு ஏறியிருக்கவில்லை.

நாற்பத்தாறில் ஸாலிஹ் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக ஒரு காணியைக் குத்தகைக்கு எடுத்து, மறுபடியும் சில்லைப் பூட்டி நிமிர்த்தினார். உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. கொட்டாஞ்சேனையில் ஒருதரம் துடைத்ததை இங்கே இரண்டுதரம் துடைக்க வேண்டியிருந்தது. நேசமலர் காலையில் முதல் ட்ராமைப் பிடித்து, பிறகு பஸ்ஸுக்கு மாறி வருவாள். இப்போது அவளுக்குக் கீழே இரண்டு பெண்கள் வேலைசெய்தார்கள். தும்பை எப்படிப் பிடிப்பதென்று அவள் அவர்களுக்குச் சொல்லவில்லை. கண்டதை வாய்விட்டுச் சொல்லவேண்டும், பிழையாய் இருந்தால் ஒருவரும் ஏசமாட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். பூபாலசிங்கமும் அதற்குத் தலையாட்டினான்.

ஒருநாள் காலை பன்னிரண்டு தொட்டிலையும் பார்த்து முடித்து, அவள் கடல் பக்கம் திரும்பி பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஸாலிஹ் தன் கோப்பையோடு வந்து பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தார். தாடி நன்றாக நரைத்திருந்தது.

"எப்பிடி நேசமலர், ஓட்டலாமா?"

"இரண்டாவதில ஒரு நட் இளகியிருக்கு முதலாளி. அதை இறுக்கினா ஓட்டலாம்."

"டேய் பூபாலசிங்கம், ரெண்டாவது!" என்று அவர் கூப்பிட்டார். அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நேசமலர் தேநீரை ஒரு வாய் குடித்தாள். அது ஆறாமல் இருந்தது. அவன் நட்டை இறுக்கி முடித்துக் கையைக் காட்டும்வரை அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி" என்றாள். பெல்ட்டைப் பூட்டினார்கள்.