கலாக்காவின் இடது கை

செய்தி எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மூன்றாம் வகுப்பு, பி பிரிவு. நான் வகுப்பாசிரியை. 'நம்ம ஸ்டேஷனரி கடை கலாக்கா இன்று காலை மாரடைப்பில் தவறிவிட்டார்' என்று ஒரு தகப்பனார் போட்டிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நடுவில் ஒரு தாய் கேட்டிருந்தார்: 'அய்யோ! அப்போ திங்கட்கிழமை பிராஜக்ட்டுக்கு என்ன செய்றது?' எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அந்தப் பிராஜக்ட்டைக் கொடுத்தவளே நான்தான்.

நூம்பலிலிருந்து வேலப்பன்சாவடி போகும் சாலையில் அவர் கடை. இதைப் படிக்கும் பெற்றோர்களில் அங்கே போய் நிற்காதவர்கள் குறைவு. சார்ட், தெர்மாகோல், கலர்த்தாள் எல்லாம் விற்பார். பிள்ளைகள் செய்யவேண்டிய கைவேலைகளை அவரே செய்தும் கொடுப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் எனக்கு அது தெரியவந்தது. சூரியக் குடும்பம் செய்துவரச் சொல்லியிருந்தேன். ஒன்பது பிள்ளைகள் கொண்டுவந்த சனிக் கோளுக்கு ஒரே மாதிரி நீல வளையல் மாட்டியிருந்தது. அன்று சாயங்காலமே சண்டைக்குப் போனேன்.

அவர் கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இன்னா மிஸ்ஸு, நாலு மணிக்கு குரூப்ல போடுறீங்க. கொயந்தயோட அம்மா ஆபீஸ்லேந்து ஊட்டுக்கு வர எட்டாவுது. காலைல ஏயரைக்கு வேன் வந்துடுது. நடுவுல அந்தக் கொயந்த எப்ப செய்யும், தூக்கத்துலயா?" என்றார்.

நான் மட்டும் ஆசைப்பட்டா கொடுக்கிறேன்? மாதத்துக்கு ஒன்று என்று மேலிடத்தில் சொல்கிறார்கள், கொடுக்கிறேன். ஆளாளுக்கு அலுப்பை அடுத்தவர் தலையில் கட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் அது கலாக்காவின் மேசையில் போய் விழுந்தது. இருந்தாலும் அதற்கப்புறம் வந்த கைவேலைகள் கோணலும் மாணலுமாக, பிள்ளைகள் செய்தது போலவே இருந்தன. நம் சண்டைக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துபோனேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் கண்காட்சி வைத்தோம். 'என் வீடு' என்று தலைப்பு. யாழினி என்ற சிறுமி பழைய காலண்டர் அட்டையில் ஒரு வீடு கொண்டுவந்தாள். ஜன்னல்கள் திறந்து மூடின. ஓரமெல்லாம் அவ்வளவு நேர்த்தி.

"அப்பா செஞ்சு குடுத்தாரா?" என்றேன்.

"நான்தான் செஞ்சேன் மிஸ்."

"பொய் சொல்லக் கூடாது" என்று சொல்லி, அதைக் கடைசி மேசையில் வைத்தேன். கோணலாக ஒட்டியிருந்த வேறொரு வீட்டுக்கு முதல் பரிசு கொடுத்தேன். யாழினி அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை நான் யோசித்திருப்பேன்.

மறுநாள் கலாக்கா பள்ளிக்கே வந்துவிட்டார். வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "பரிசு வாங்குன ஊடு நான் செஞ்சது மிஸ்ஸு. கொயந்த வெட்ன மாரி இருக்கட்டும்னு இடது கையால வெட்னேன். ரொம்ப நாளா அப்டித்தான் செஞ்சினு கீறேன். பின்னாடி வச்சிக்கீறீங்களே, அதான் யாழினி செஞ்சது. அவங்க அம்மா வர்ற வரைக்கும் என் கடையிலதான் குந்திகினு இருப்பா. மூணு நாள் செஞ்சா. நான் தொடக்கூட இல்ல."

இதை என்னிடம் சொன்னால் அவர் பிழைப்புக்கே கேடு. தெரிந்தேதான் வந்திருந்தார்.

நான் சொன்னதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். "பேரெல்லாம் அறிவிச்சாச்சு, சர்டிபிகேட்டும் குடுத்தாச்சு. இனிமே யாரோட மல்லுக்கட்டறது? அடுத்த வருஷம் பாத்துக்கலாங்க்கா."

"அட்த்த வருசம் அவ நாலாங் கிளாஸ் மிஸ்ஸு" என்றார். படியிறங்கிப் போனார். மணி அடித்தது. திருத்தவேண்டிய நோட்டுகள் மேசை நிறையக் கிடந்தன. நான் வகுப்புக்குள் போய்விட்டேன். அன்று எனக்கு மல்லுக்கட்டத் தெம்பு இல்லை. வேறு காரணம் இல்லை.

கலாக்காவின் சாவு வீட்டுக்கு யாழினியும் தன் அம்மாவோடு வந்திருந்தாள். இப்போது ஐந்தாம் வகுப்பு. மாலையைப் போட்டுவிட்டு வந்து அவளைத் தனியே அழைத்தேன். "அந்த வீட்டை நீதான் செஞ்சேன்னு எனக்கு மறுநாளே தெரியும்மா. தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன். தப்பு என்னோடதுதான்" என்றேன்.

"எனக்குத் தெரியும் மிஸ். கலாக்கா அப்பவே சொன்னாங்க" என்றாள். "'மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியும். பாவம், அவங்களும் ஓய்ஞ்சு போய்க் கீறாங்க. நீ மனசுல வச்சுக்காத'ன்னு."

கலாக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இதுதான்: எனக்காக ஒரு குழந்தையிடம் அவர் சொன்ன சமாதானம். நான் செய்திருக்கவேண்டிய அந்த வேலையையும் அவரே செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.